மடிக்கணினியை விற்கும் முன்: திரும்ப எடுக்க முடியாதபடி தரவை அழிக்கும் முறை

பழைய மடிக்கணினியை விற்கவோ, கடையில் கொடுத்துப் புதியது வாங்கவோ முடிவு செய்பவர்களில் பெரும்பாலோர் கோப்புகளை அழித்து, ரீசைக்கிள் பின்னைக் காலி செய்கிறார்கள். இன்னும் சற்றுக் கவனமுள்ளவர்கள் ஒருமுறை ஃபார்மட்டும் செய்துவிட்டு, வேலை முடிந்தது என்று நம்பிவிடுகிறார்கள். அந்த நம்பிக்கை பிழையானது. ஒரு சாதாரண வீட்டுக் கணினியிலேயே ஆதார், பான் அட்டைகளின் நகல்கள், சம்பளச் சீட்டுகள், வங்கிக் கணக்கு அறிக்கைகள், வருமான வரித் தாக்கல் கோப்புகள், பிரவுசர் சேமித்துவைத்த கடவுச்சொற்கள், குடும்பப் படங்கள் என எல்லாம் இருக்கும். தணிக்கையாளர், வழக்கறிஞர், மருத்துவர் போன்றோரின் கணினியில், அவர்களை நம்பிப் பிறர் ஒப்படைத்த ஆவணங்களும் இருக்கும். கணினியை வாங்குபவர் நல்லவராகவே இருக்கலாம்; ஆனால் அந்த இயந்திரம் அவரோடு நின்றுவிடுவதில்லை. சென்னை ரிச்சி தெரு போன்ற சந்தைகளில் பழைய கணினி பாகம் பாகமாகப் பிரிந்து, அதன் வன்தட்டு தனியாக வேறொருவர் கைக்குப் போவது அன்றாடம் நடப்பது.

இந்த அச்சத்துக்கு ஆதாரம் உண்டு. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் ஆய்வு மாணவர்களாக இருந்த சிம்சன் கார்ஃபிங்கல், அபி ஷெலாட் ஆகிய இருவரும் பழைய சந்தையிலிருந்து 158 வன்தட்டுகளை வாங்கிச் சோதித்து, 2003ஆம் ஆண்டில் முடிவுகளை வெளியிட்டார்கள். படிக்க முடிந்த 129 தட்டுகளில் முறையாக அழிக்கப்பட்டிருந்தவை 12 மட்டுமே. மற்றவற்றிலிருந்து 5,000க்கும் மேற்பட்ட கடன் அட்டை எண்கள் கிடைத்தன. ஒரு தட்டு ஏதோ ஒரு வங்கியின் ஏடிஎம் இயந்திரத்துக்குள் இருந்ததாகவே தெரிந்தது. அந்தத் தட்டுகளை விற்றவர்களில் பலர் தாங்கள் அழித்துவிட்டதாகவே எண்ணியிருப்பார்கள், ஏனெனில் பல தட்டுகள் ஃபார்மட் செய்யப்பட்டிருந்தன.

அழித்த கோப்பு எப்படித் திரும்பி வருகிறது? நாம் ஒரு கோப்பை அழிக்கும்போது, அது இருந்த இடம் காலி என்று கோப்பு முறைமை தன் பட்டியலில் குறித்துக்கொள்கிறது, அவ்வளவுதான். விடுதிப் பதிவேட்டில் ‘அறை காலி’ என்று எழுதிவிட்டு, உள்ளே இருக்கும் சாமான்களைத் தொடாமல் விடுவதைப் போன்றது இது. அடுத்தவர் வந்து அந்த அறையில் குடியேறும் வரை பழைய சாமான்கள் அங்கேயே கிடக்கும். ‘குவிக் ஃபார்மட்’ என்பதும் பதிவேட்டைப் புதிதாக மாற்றும் வேலை மட்டுமே. ஃபோட்டோரெக், ரெக்குவா போன்ற இலவச மென்பொருள்கள் பதிவேட்டைப் பொருட்படுத்தாமல் அறை அறையாகத் தேடி எடுத்துத் தந்துவிடும். அவற்றைப் பயன்படுத்த யாரும் நிபுணராக இருக்க வேண்டியதில்லை.

முதலில் உள்ளே இருப்பது எது என்று அறியுங்கள்

அழிக்கும் முறை முழுவதும் இந்த ஒரு கேள்வியைச் சார்ந்தே இருக்கிறது. கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் ஆகிய மூன்று விசைகளையும் ஒருசேர அழுத்தி டாஸ்க் மேனேஜரைத் திறந்து, ‘பெர்ஃபார்மன்ஸ்’ பகுதிக்குச் சென்றால், இப்போதைய விண்டோஸ் பதிப்புகளில் ‘டிஸ்க் 0’ என்ற பெயரின் கீழேயே அது எச்டிடியா (சுழலும் வன்தட்டு), எஸ்எஸ்டியா (சுழலும் பாகமின்றிச் சில்லுகளில் சேமிக்கும் தட்டு) என்று எழுதியிருக்கும். ‘டிஸ்க் 1’ என்று இன்னொன்றும் தெரிகிறதா என்று கட்டாயம் பாருங்கள். சில ஆண்டுகளுக்கு முன் வந்த பல மடிக்கணினிகளில் விண்டோஸுக்கு ஒரு சிறிய எஸ்எஸ்டியும், கோப்புகளுக்கு ஒரு டிபி வன்தட்டும் என இரண்டு இருந்தன. ஒன்றை மிகுந்த கவனத்தோடு அழித்துவிட்டு, படங்கள் அனைத்தும் இருக்கும் மற்றொன்றை மறந்துவிடுவது எளிதில் நிகழக்கூடியது. பக்கவாட்டில் உள்ள மெமரி கார்டு துளையையும் விரலால் ஒருமுறை தடவிப் பாருங்கள். வெளியே நீட்டாமல் முழுவதும் உள்ளடங்கிவிடும் கார்டுகள் ஆண்டுக்கணக்கில் அங்கேயே இருந்துவிடும்.

அடுத்தது காப்புப் பிரதி. இதைப் பற்றி நீட்டி எழுதத் தேவையில்லை. ஆனால் பிரதி எடுத்த பின், அந்த வெளித்தட்டை வேறொரு கணினியில் செருகி, சில கோப்புகளைத் திறந்து பார்த்த பிறகே மேலே செல்லுங்கள். டெஸ்க்டாப், டவுன்லோட்ஸ் கோப்புறைகளும், டேலி தரவுக் கோப்புறையும், தண்டர்பேர்ட் போன்ற மென்பொருள்களில் இறங்கியிருக்கும் மின்னஞ்சல்களுமே பெரும்பாலும் விடுபடுபவை. டேலி உரிமத்தைச் சரண்டர் செய்வது, அடோபி போன்ற கட்டண மென்பொருள்களில் இந்தக் கணினியின் பதிவை நீக்குவது ஆகியவற்றையும் இப்போதே முடித்துவிட வேண்டும். தட்டை அழித்த பிறகு அவற்றைச் செய்வது வீண் அலைச்சல்.

அழிக்கும் முன் பூட்டுங்கள்

பலரும் தாண்டிச் செல்லும் இந்தப் படியையே நான் மிக முக்கியமானதாகக் கருதுகிறேன். தட்டு முழுவதையும் முதலில் குறியாக்கம் செய்துவிட்டால், அதாவது சாவி இல்லாமல் படிக்க முடியாத வடிவுக்கு மாற்றிவிட்டால், பிறகு அழிப்பதில் எங்கேனும் குறை நேர்ந்தாலும், மீட்டெடுப்பவர் கைக்குக் கிடைப்பது பொருளற்ற எழுத்துக் குவியலாகவே இருக்கும். விண்டோஸ் புரோ பதிப்பில் இதற்கு பிட்லாக்கர் இருக்கிறது. ஹோம் பதிப்பில், கணினியின் வன்பொருள் இடம் கொடுத்தால், ‘செட்டிங்ஸ்’ உள்ளே தனியுரிமை, பாதுகாப்புப் பகுதியில் ‘டிவைஸ் என்கிரிப்ஷன்’ என்ற வசதி இருக்கும். இரண்டும் இல்லாதவர்கள் வெராகிரிப்ட் என்ற இலவச மென்பொருளைப் பயன்படுத்தலாம்.

பிட்லாக்கரை இயக்கும்போது, பயன்பாட்டில் உள்ள இடத்தை மட்டும் குறியாக்கம் செய்யவா, தட்டு முழுவதையுமா என்று ஒரு கேள்வி வரும். விரைவாக முடியும் என்ற குறிப்போடு முதல் வாய்ப்பு கண்ணில் படும்; அதைத் தேர்ந்தெடுத்தால், நீங்கள் என்றோ அழித்து இப்போது ‘காலி’ என்று குறிக்கப்பட்டிருக்கும் இடங்களில் உள்ள பழைய தரவு குறியாக்கம் பெறாமல் அப்படியே கிடக்கும். ஆண்டுக்கணக்கில் பயன்படுத்திய கணினிக்கு எப்போதும் இரண்டாவதையே, அதாவது தட்டு முழுவதையும் என்பதையே தேர்ந்தெடுங்கள். மின்னிணைப்போடு இரவில் விட்டுவிட்டால் காலையில் முடிந்திருக்கும்.

இந்தப் படி ஒன்றே போதும் என்று சொல்லிவிட முடியாது. குறியாக்கத்தை முதல் நாளிலிருந்தே இயக்கி வைத்திருந்தால், பூட்டப்படாத எழுத்து ஒன்றுகூடத் தட்டில் பதிந்திருக்காது. இடையில் இயக்கினால், எஸ்எஸ்டியின் உள்ளே நம் கண்ணுக்கு எட்டாத பகுதிகளில் பழைய பிரதிகள் எஞ்சியிருக்கக்கூடும். ஆகவே அடுத்து வாங்கப்போகும் கணினியில் குறியாக்கத்தை வாங்கிய அன்றே இயக்கிவிட்டு, இந்தக் கணினியில் தொடர்ந்து வரும் படிகளையும் செய்யுங்கள்.

சுழலும் வன்தட்டாக இருந்தால்

காந்தத் தட்டு சுழலும் பழைய வகையை அழிப்பது எளிது, ஆனால் நேரம் பிடிக்கும். தட்டின் ஒவ்வொரு சிறு பிரிவின் (செக்டர்) மீதும் புதிதாக எதையேனும் எழுதிவிட்டால் பழையது போய்விடும். முப்பத்தைந்து முறை எழுத வேண்டும் என்று இன்றும் சிலர் அறிவுரை கூறுவதுண்டு. அந்த எண், நியூசிலாந்தின் ஆக்லாந்து பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பீட்டர் கட்மன் 1996இல் எழுதிய ஒரு கட்டுரையிலிருந்து வந்தது. அன்று புழக்கத்தில் இருந்த பலவகைப் பதிவு முறைகளுக்கும் சேர்த்துக் கணக்கிட்ட தொகுப்பு அது. எந்த ஒரு தட்டுக்கும் அத்தனையும் தேவையில்லை என்று அவரே பிற்பாடு தெளிவுபடுத்தினார். இன்றைய தட்டுக்கு முழுமையான ஒரே ஒரு முறை போதும். முப்பத்தைந்து முறை ஓட்டி நாட்களைச் செலவிடுவதைவிட, ஒரு முறை ஓட்டிவிட்டு அது முழுதாக முடிந்ததா என்று சரிபார்ப்பதற்கு அந்த நேரத்தைச் செலவிடுவதே பயன் தரும்.

கட்டளை வரியைக் கண்டு தயங்காதவர்களுக்கு விண்டோஸிலேயே கருவி இருக்கிறது. மைக்ரோசாஃப்ட் தரும் நிறுவல் கருவியைக் கொண்டு 8 ஜிபி பென்டிரைவ் ஒன்றில் விண்டோஸ் நிறுவலைத் தயார் செய்து, அதிலிருந்து கணினியைத் துவக்குங்கள். மொழி கேட்கும் முதல் திரையில் ஷிஃப்ட்டையும் எஃப்10 விசையையும் சேர்த்து அழுத்தினால் கறுப்புச் சாளரம் ஒன்று திறக்கும். அதில் ‘டிஸ்க்பார்ட்’ (diskpart) என்ற கட்டளையையும், பிறகு ‘லிஸ்ட் டிஸ்க்’ (list disk) என்பதையும் கொடுங்கள். தட்டுகளின் பட்டியல் கொள்ளளவோடு வரும். இங்கே நின்று நிதானியுங்கள். பென்டிரைவும் இந்தப் பட்டியலில் இருக்கும். காப்புப் பிரதி எடுத்த வெளித்தட்டைக் கழற்றாமல் விட்டிருந்தால் அதுவும் இருக்கும். வெளித்தட்டைக் கழற்றி எடுத்து வேறு அறையில் வைத்துவிட்டு வந்து, கொள்ளளவைப் பார்த்துச் சரியான எண்ணை உறுதி செய்துகொண்டு, ‘செலக்ட் டிஸ்க்’ (select disk) என்பதோடு அந்த எண்ணையும், அடுத்து ‘கிளீன் ஆல்’ (clean all) என்பதையும் கொடுங்கள். ‘ஆல்’ என்ற சொல்லை விட்டுவிட்டு ‘கிளீன்’ என்று மட்டும் கொடுத்தால் சில நொடிகளில் முடிந்துவிடும். ஆனால் அழிவது பிரிவினைப் பட்டியல் மட்டுமே. ‘கிளீன் ஆல்’ ஒவ்வொரு பிரிவிலும் சுழியத்தை எழுதுகிறது. நொடிக்கு 100 எம்பி வேகத்தில் எழுதும் ஒரு டிபி தட்டுக்கு ஏறத்தாழ மூன்று மணி நேரம் ஆகும். அதுவரை திரையில் எந்த அசைவும் தெரியாது. நின்றுவிட்டதோ என்று எண்ணிக் கணினியை அணைத்துவிடாதீர்கள்.

முன்னேற்றத்தைக் கண்ணால் பார்த்துக்கொண்டே செய்ய விரும்புபவர்களுக்கு ஷ்ரெட்ஓஎஸ் என்ற அழிப்புக் கருவி ஏற்றது. அதையும் பென்டிரைவிலிருந்தே துவக்கலாம். உள்ளே இருக்கும் என்வைப் என்ற நிரல், எத்தனை விழுக்காடு முடிந்தது, எத்தனை பிழைகள் நேர்ந்தன என்று காட்டுவதோடு, எழுதியதைத் திரும்பப் படித்துச் சரிபார்க்கவும் செய்யும். பிழை எண்ணிக்கை சுழியமாக இல்லாவிட்டால் அந்தத் தட்டில் பழுதடைந்த பிரிவுகள் உள்ளன என்று பொருள். அவற்றின் மேல் எழுத முடிந்திருக்காது. அத்தகைய தட்டைக் கழற்றி வைத்துக்கொண்டு, கணினியை மட்டும் விற்பதே நல்லது. இணையத்தில் இன்னும் பரிந்துரைக்கப்படும் டிபான் என்ற பழைய கருவி எஸ்எஸ்டிக்காக உருவாக்கப்பட்டதன்று.

எஸ்எஸ்டியாக இருந்தால்

இங்கே மேலெழுதும் முறை நம்பத்தக்கதாக இல்லாமல் போகிறது. எஸ்எஸ்டியின் நினைவுச் சில்லுகளில் உள்ள ஒவ்வொரு பகுதியும் குறிப்பிட்ட எண்ணிக்கையில்தான் எழுதி அழிக்கப்பட முடியும்; ஆகவே தேய்மானம் ஓரிடத்தில் குவியாதபடி, தட்டுக்குள்ளே இருக்கும் கட்டுப்பாட்டுச் சில்லு எழுத்துகளை இடம் மாற்றி மாற்றிப் பரப்புகிறது. நாம் ‘இந்த இடத்தில் எழுது’ என்று கட்டளையிட்டாலும் அது வேறோர் இடத்தில் எழுதிவிட்டு, பழைய இடத்தைப் பிறகு துப்புரவு செய்யலாம் என்று ஒதுக்கிவைக்கும். இதற்காகவே, வெளியே சொல்லும் கொள்ளளவுக்கு மேல் கொஞ்சம் உபரி இடமும் உள்ளே வைக்கப்பட்டிருக்கிறது; அந்த இடத்தை விண்டோஸாலோ, மீட்பு மென்பொருளாலோ தொட முடியாது, சில்லைக் கழற்றி நேரடியாகப் படிப்பவரால் முடியும். கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் சான் டியேகோ வளாக ஆய்வாளர்கள் 2011இல் இதைச் சோதித்தார்கள். தட்டு முழுவதையும் இருமுறை மேலெழுதுவது பெரும்பாலும் போதுமானதாக இருந்தது, ஆனால் எப்போதும் அல்ல. தனி ஒரு கோப்பை மட்டும் பாதுகாப்பாக அழிக்கும் முறைகளில் ஒன்றுகூட எஸ்எஸ்டியில் வேலை செய்யவில்லை. ‘கோப்பைச் சுக்குநூறாக்கும்’ என்று விளம்பரம் செய்யும் மென்பொருள்களை எஸ்எஸ்டிக்கு வாங்க வேண்டாம் என்று நான் சொல்வதற்கு இதுவே காரணம்.

சரியான வழி, அழிக்கும் பொறுப்பைத் தட்டிடமே ஒப்படைப்பது. உபரி இடம் உட்பட எல்லாவற்றையும் துடைக்கும் கட்டளை எஸ்எஸ்டிக்குள்ளேயே இருக்கிறது. சாட்டா, என்விஎம்இ என்பவை தட்டு கணினியோடு இணையும் இரு முறைகள். பழைய சாட்டா வகையில் அதன் பெயர் ‘செக்யூர் எரேஸ்’. என்விஎம்இ வகையில் ‘ஃபார்மட்’, ‘சானிடைஸ்’ என்ற பெயர்களில் உள்ளது. தானாகவே குறியாக்கம் செய்துகொள்ளும் தட்டுகளில், உள்ளிருக்கும் சாவியை மாற்றிவிடும் முறையும் உண்டு; சாவி போய்விட்டால் தரவும் போனது போலத்தான். இவற்றில் பல சில நொடிகளிலோ நிமிடங்களிலோ முடிந்துவிடும்.

இந்தக் கட்டளையைக் கொடுக்க எளிய இடம், விண்டோஸ் துவங்கும் முன்பே இயங்கும் அடிப்படை நிரலான பயாஸ். டெல் நிறுவனத்தின் பல மாதிரிகளில் ‘டேட்டா வைப்’ என்றும், எச்பியின் அலுவலக மாதிரிகளில் ‘செக்யூர் எரேஸ்’ என்றும், லெனோவோவின் புதிய திங்க்பேட்களில் ‘செக்யூர் வைப்’ என்றும் இது இருக்கும். உங்கள் பயாஸில் இல்லாவிட்டால், தட்டைத் தயாரித்த நிறுவனத்தின் கருவியை நாடுங்கள்: சாம்சங்கிற்கு மெஜிஷியன், குரூஷியலுக்கு ஸ்டோரேஜ் எக்ஸிக்யூட்டிவ், கிங்ஸ்டனுக்கு எஸ்எஸ்டி மேனேஜர். விண்டோஸ் ஓடிக்கொண்டிருக்கும் தட்டை அதே விண்டோஸிலிருந்து அழிக்க முடியாது என்பதால், மெஜிஷியன் இதற்கென்று துவக்கக்கூடிய பென்டிரைவ் ஒன்றைத் தயாரித்துத் தரும். பார்ட்டட் மேஜிக் என்ற கட்டண மென்பொருள் சாட்டா, என்விஎம்இ இரண்டுக்கும் பட்டியலிலிருந்தே தேர்ந்தெடுக்கும் வசதியைத் தருகிறது.

சாட்டா தட்டுகளில் ஒரு தடங்கல் அடிக்கடி வரும். தட்டு ‘ஃபுரோசன்’ நிலையில் இருக்கிறது என்று சொல்லிக் கருவி நின்றுவிடும். தீநிரல்கள் இந்தக் கட்டளையைத் தவறாகப் பயன்படுத்தாமல் இருக்க, துவக்கத்திலேயே பயாஸ் இட்டுவைக்கும் பூட்டு அது. தட்டில் கோளாறு இல்லை. மடிக்கணினியை ஒருமுறை உறக்க நிலைக்கு அனுப்பி எழுப்பினால் பெரும்பாலும் விடுபட்டுவிடும். மேலும், இந்த வகை அழிப்பின்போது தட்டின் மீது தற்காலிகக் கடவுச்சொல் ஒன்று வைக்கப்படும். நடுவில் மின்சாரம் போனால் தட்டு அந்தக் கடவுச்சொல்லோடு பூட்டியபடியே நின்றுவிடும். ஆகவே எளிய சொல்லாக வைத்து, தாளில் எழுதிக்கொண்டு, மின்னிணைப்பும் போதிய பேட்டரியும் இருக்கும்போது மட்டுமே தொடங்குங்கள்.

மேலே சொன்ன சான் டியேகோ ஆய்வு, சில எஸ்எஸ்டிகள் இந்தக் கட்டளையையே சரியாக நிறைவேற்றவில்லை என்றும் கண்டறிந்தது. தட்டு தானாகச் செய்துகொள்ளும் குறியாக்கத்திலும், நெதர்லாந்தின் ராட்பவுட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2018இல் ஓட்டைகளை வெளிப்படுத்தினார்கள். அதன் பின்னரே பிட்லாக்கர் தட்டை நம்பாமல் மென்பொருள்வழிக் குறியாக்கத்தை இயல்பாக்கியது. முதலில் பூட்டி, அதன் பிறகு தட்டின் கட்டளையால் அழிக்கும்படி நான் சொன்ன வரிசையின் நியாயம் இங்கேதான் இருக்கிறது. ஒன்று பொய்த்தாலும் மற்றொன்று காக்கும்.

பயாஸ், பென்டிரைவ் எதுவும் இயலாதவர்களுக்கு விண்டோஸின் ‘ரீசெட்’ வசதி மிச்சமிருக்கிறது. ‘செட்டிங்ஸ்’, ‘சிஸ்டம்’, ‘ரெக்கவரி’ என்று சென்று, எல்லாவற்றையும் நீக்கும் வாய்ப்பைத் தேர்ந்தெடுத்த பின், ‘சேஞ்ச் செட்டிங்ஸ்’ உள்ளே போய், ‘கிளீன் டேட்டா’ என்ற பொத்தானை இயக்குங்கள். அது இயல்பில் அணைந்தே இருக்கும். இரண்டு தட்டுகள் இருந்தால் எல்லாத் தட்டுகளையும் அழிக்கச் சொல்லும் பொத்தானும் அங்கேயே உண்டு. இது வீட்டுப் பயனர்களுக்கானது, அரசு, தொழில்துறைத் தரநிலைகளை எட்டாது என்று மைக்ரோசாஃப்டே குறிப்பிட்டிருக்கிறது. தட்டு முழுவதும் ஏற்கெனவே பிட்லாக்கரால் பூட்டப்பட்டிருந்தால், ஒரு குடும்பக் கணினிக்கு இது எனக்கு ஏற்புடையதே. பிறருடைய ஆவணங்கள் இருந்த கணினிக்கு ஏற்புடையதன்று.

ஆப்பிள் கணினிகளில் வேலை மிகவும் சுருங்கிவிடுகிறது. ஆப்பிளின் சொந்தச் சில்லு அல்லது டி2 சில்லு உள்ள மேக்புக்குகளில் தட்டு எப்போதும் குறியாக்கத்திலேயே இருக்கும். மான்டரே பதிப்பு முதல், எல்லா உள்ளடக்கத்தையும் அமைப்புகளையும் அழிக்கும் ஒரே கட்டளை சாவியை அழித்து, ஆப்பிள் கணக்கிலிருந்தும் வெளியேற்றிவிடும். தொலைந்த கணினியைத் தேடவும் பூட்டவும் உதவும் ‘ஃபைண்ட் மை’ வசதி அணைந்துவிட்டதா என்று மட்டும் உறுதி செய்யுங்கள்; இல்லாவிட்டால் வாங்கியவரால் கணினியைத் திறக்க இயலாது. அந்தச் சில்லுகள் இல்லாத முந்தைய மேக்குகளில் ஆப்பிளின் குறியாக்க வசதியான ஃபைல்வால்ட்டை இயக்கி, குறியாக்கம் முடிந்த பின், கமாண்டும் ஆர் விசையும் அழுத்தித் துவக்கி, டிஸ்க் யூட்டிலிட்டியில் அழியுங்கள்.

சரிபார்த்தல்

அழித்த தட்டை வேறொரு கணினியில் இணைத்தோ, பென்டிரைவில் துவங்கும் இயங்குதளத்திலிருந்தோ, தட்டில் பதிந்திருப்பதை அப்படியே காட்டும் எச்எக்ஸ்டி போன்ற நிரலால் திறந்து பாருங்கள். இடப்புறம் இட எண்களும், நடுவில் இரண்டிரண்டு எழுத்துகளாகப் பதினாறு நெடுவரிசைகளும், வலப்புறம் அவற்றின் எழுத்து வடிவமும் தெரியும். சுழியத்தால் அழிக்கப்பட்ட தட்டில் நடுப்பகுதி முழுக்க இரட்டைச் சுழியங்கள் மட்டுமே வரிசையாக ஓடும். தொடக்கத்தை மட்டும் பார்த்து நிறுத்திவிடாமல் நடுவிலும் இறுதியிலும் பல இடங்களுக்குத் தாவிப் பாருங்கள். வலப்புறத்தில் படிக்கத்தக்க ஒரு சொல் தென்பட்டாலும் மீண்டும் அழியுங்கள். எஸ்எஸ்டியில் இந்தச் சோதனை, வெளியே தெரியும் இடத்துக்கு மட்டுமே சான்றாகும். உபரி இடத்தைப் பற்றி ஒன்றும் சொல்லாது.

தட்டு சுத்தமான பின் விண்டோஸை நிறுவிக் கொடுத்தால் நல்ல விலை கிடைக்கும். விண்டோஸ் 8க்குப் பிறகு விண்டோஸோடு விற்கப்பட்ட கணினிகளில் உரிம எண் தாய்ப்பலகையிலேயே பதிந்திருப்பதால், தட்டை அழிப்பதால் உரிமம் போவதில்லை. நிறுவல் முடிந்து நாட்டைத் தேர்ந்தெடுக்கக் கேட்கும் திரையிலேயே கணினியை அணைத்துவிடுங்கள். உங்கள் கணக்கில் நுழைந்து ‘ஓடுகிறதா’ என்று பார்க்க வேண்டாம். உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கின் சாதனப் பட்டியலிலிருந்து இந்தக் கணினியை நீக்குங்கள். பயாஸ் கடவுச்சொல் வைத்திருந்தால் எடுத்துவிடுங்கள்.

கணினி உயிரோடு இல்லை, தட்டையே கண்டறியவில்லை என்றால் மேற்சொன்ன எதையும் செய்ய இயலாது. ‘நாங்களே அழித்துக்கொள்கிறோம்’ என்று கடைக்காரர் சொன்னாலும், அடிமூடியைக் கழற்றித் தட்டை எடுத்துக்கொண்டு மீதியை விற்றுவிடுங்கள். விலையில் குறைவது பெரிய தொகையாக இராது. எடுத்த தட்டு சுழலும் வகை என்றால், பாதுகாப்புக் கண்ணாடி அணிந்து, உள்தட்டுகளின் ஊடாகப் பல துளைகளை இடுங்கள். எஸ்எஸ்டி என்றால் பலகையை இரண்டாக உடைப்பது போதாது; அதன் மீதுள்ள கறுப்புச் சில்லு ஒவ்வொன்றும் தனித்தனியே நொறுங்க வேண்டும். பேட்டரி இணைந்திருக்கும் கணினியின் மீது ஒருபோதும் துளையிடாதீர்கள், லித்தியம் பேட்டரி தீப்பற்றும். சில மலிவு விலை மாதிரிகளில் சேமிப்புச் சில்லு தாய்ப்பலகையோடு பற்றவைக்கப்பட்டிருக்கும். அது பழுதானால் தாய்ப்பலகையையே எடுத்து வைத்துக்கொள்ள வேண்டியிருக்கும். உடைத்த துண்டுகளைக் குப்பையில் போடாமல், 2022ஆம் ஆண்டின் மின்கழிவு மேலாண்மை விதிகளின்படி பதிவு பெற்ற மறுசுழற்சியாளரிடம் கொடுங்கள்.